பணம் வந்ததா, பார்த்தீர்களா?

விருத்தாசலம் என்றாலே பீங்கான்தானே! எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் தொழிற்பேட்டையில் பொம்மை, அகல் விளக்கு வாங்கி வாட்ஸப்பில் விற்கிறார்கள். கெட்டிக்காரிகள்தான். கணக்கில்தான் கொஞ்சம் அசட்டை.

ஒருத்தி, “பணம் போட்டுட்டேன் அக்கா” என்று போனில் வந்த படத்தை நம்பிப் பார்சலை அனுப்பிவிட்டாள். பாங்கில் பைசா ஏறவில்லை! அந்த மாதிரிப் படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாமே. உங்கள் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொம்மை வாசலைத் தாண்டட்டும். இன்னொன்று: 2016-ல் வந்த யு.பி.ஐ.யில், பணம் வாங்குகிறவர் ரகசிய எண்ணைப் போடவே வேண்டாம். போடச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பீங்கான் கனமாச்சே! வைக்கோல் அடைத்து, பெட்டியோடு நிறுத்து, அனுப்பும் கூலியைக் கேட்டபிறகு விலை சொல்லுங்கள். இல்லாவிட்டால் லாபம் கூரியருக்குத்தான்.

பில் வரிசை எண்ணோடு இருக்கட்டும். ஒரு நகல் உங்களிடம். பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்பார்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். பதிவில்லாதவர் பில்லில் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது.