பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகருக்கு என்ன வேலை?

சில நாட்களுக்கு முன் மணலூர்பேட்டைக் கடைவீதியில் நம் தோழர்கள் சிலருடன் பேசிக் கொண்டிருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் வேண்டும் என்ற பிரஸ்தாபம் வந்தது. உடனே பெரியவர் ஒருவர், "ஏங்க, நம்ம புள்ளைங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல. படித்தவர்களென்று பெயர் வாங்கியவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். ஆதலால் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது.

முதலாவது, ஆலோசகர் பைத்தியத்திற்கு மருந்து கொடுப்பவரல்ல. பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர். கரும்பு வெட்டப் பெற்றோர் வெளியூர் போனபின் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை, தகப்பன் குடித்துவிட்டு அடிப்பதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, ஜாதியைச் சொல்லிப் பரிகசிக்கப்படும் பிள்ளை ஆகிய இவர்களெல்லாம் வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார்கள். உபாத்தியாயர் 'மக்கு' என்பார். வீட்டில் 'பீடை' என்பார்கள். ஆலோசகரோ முதலில் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டாயா என்று விசாரிப்பார்.

1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவரிடம், எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பையனை அவனது ஆசிரியையே அழைத்து வந்தார். சோதித்ததில் அவன் கண் பார்வையிலும் கோளாறு இருந்தது தெரிந்தது. 1913-ல் லண்டன் நகர சபை, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிரில் பர்ட் என்பவரை மனநூல் நிபுணராக நியமித்தது. நாமோ இன்னமும் பிள்ளையின் தலையெழுத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கிறோம்.

நிற்க, நம் நாட்டு ஆலோசகரின் பிழைப்பைச் சற்றுப் பாருங்கள். 2012-ல் நமது சர்க்கார் நடமாடும் ஆலோசனை வண்டிகளை அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆனால் அன்றிருந்த 32 மாவட்டங்களுக்கு வண்டிகள் எத்தனை? 10! ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டமென்றால், பெண்ணையாற்றங்கரைப் பிள்ளை தன் துக்கத்தை எத்தனை மாதம் அடக்கி வைத்திருக்க வேண்டும்? கல்வராயன் மலைப் பிள்ளையின் கதி என்ன? 2018-ல் 14417 என்ற தொலைபேசி உதவி வந்தது. அதுவும் நல்லதே. ஆனால் வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியைத் தகப்பன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டால், அத்தகப்பனைப் பற்றிப் பிள்ளை எதில் பேசும்?

ஆலோசகர் பள்ளிக்கு வந்தால், தலைமை ஆசிரியர் அறையில் ஒரு மூலை கொடுப்பார்கள். அங்கே எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? ஆகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டியதுதான். பிள்ளை சொன்னதை வெளியே சொல்லலாகாது. ஆனால் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், அது எவ்வகையானாலும், 2012-ன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே தீர வேண்டும். இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு சாயங்காலம் பஸ் ஏறுகிறவருக்கு, 'இன்று இப்படி ஒரு பிள்ளை வந்தது, நான் செய்தது சரிதானா?' என்று கேட்க ஒரு கூட்டாளி வேண்டாமா? ஊராரிடம் சொல்ல முடியாது. வீட்டிலும் சொல்ல முடியாது. அதே தொழிலிலுள்ள இன்னொருவரிடம், பெயரைச் சொல்லாமல், அதுவும் யோசனைக்காக மாத்திரமே பேச முடியும். அந்தத் தோழமைதான் அவர்களைத் தாங்குகிறது. தனி ஆளாய்த் திரிய விட்டால் துக்கத்தைக் கேட்கிறவரே துக்கத்தில் முழுகிப் போவார்.

"உபாத்தியாயரே பார்த்துக்கொள்ளலாமே?" என்பார்கள் சிலர். அன்புள்ள உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மார்க்குப் போடுகிறவரிடமும், கையில் பிரம்பை மறந்திராதவரிடமும் பிள்ளை எதைச் சொல்லும்? அடிப்பதையும் மனதை வதைப்பதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் தடுத்திருந்தும், 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி நம் வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லையே!

இனி, கேட்க ஆளில்லாத இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று யோசியுங்கள். பெண் பிள்ளை பயந்து நடுங்கினால் 'காற்றுக் கருப்பு' என்று வேப்பிலையும், மந்திரித்த கயிறும், கோழியும் கேட்கிறவன்தான் வருகிறான். இந்தப் புத்தி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். எந்தப் பேய் அவர்களைக் கொன்றது? நமது அறியாமைப் பேயல்லவா?

பணமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தை மாதத்தில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கென்று மணலூர்பேட்டை ஆற்றில் ஒரு நாளில் கூடும் கூட்டம் எவ்வளவு! கடைகளில் செலவாகும் பணம் எவ்வளவு! சுவாமி குளிப்பதற்கு வழி உண்டானால், பிள்ளை மனம் விட்டுப் பேசுவதற்கு வழி உண்டாகாதா?

எனவே நாம் கேட்பது மூன்றே காரியங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திற்கும் படித்துத் தேர்ந்த ஆலோசகர் நிரந்தரமாக வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அவருக்குக் கதவு மூடிய ஓர் அறை வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது ஆலோசகர்கள் ஒன்றுகூடி, தங்கள் சிக்கல்களைத் தமக்குள் பேசிக்கொள்ள வசதி வேண்டும். அது வரும்வரை, வாசகர்கள் காசில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், மார்க்கைக் கேட்காதீர்கள், "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.