ஐஸ்கிரீம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க

அடுத்த தடவை கோன் ஐஸ் வாங்கினா, பேப்பரைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. பல பிராண்டுகள்ல ஐஸ்கிரீம்ங்கிற வார்த்தையே இருக்காது. ஏதோ ஒரு மூலையில, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்துல 'ஃப்ரோசன் டெசர்ட்'னு இருக்கும்.

ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்பீங்க. இல்லைங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி ஐஸ்கிரீம்னா அதுல பால் கொழுப்பு இருக்கணும். சாதாரண ஐஸ்கிரீம்ல குறைஞ்சது 10 சதவீதம். அதுக்குப் பதிலா தாவரக் கொழுப்பைப் போட்டா அது ஃப்ரோசன் டெசர்ட். போடறது குத்தமில்லை, சட்டமே அனுமதிக்குது. ஆனா தெரிஞ்சு சாப்பிடணும் இல்லையா? இந்த விவகாரத்துக்காக 2017ல அமுலும் இந்துஸ்தான் யூனிலீவரும் மும்பை உயர் நீதிமன்றத்துல மல்லுக்கட்டினாங்க. ஒரு வார்த்தை என்ன விலை போகும்னு கம்பெனிகளுக்கு நல்லாத் தெரியும். காசு கொடுக்கிற நமக்குத்தான் யாரும் சொல்லலை.

கடைக்காரர்கிட்ட கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், கோனா கப்பா?"ன்னார். அவரை என்ன சொல்றது? அவருக்கு யார் சொன்னாங்க?

ஜூஸ் சமாசாரம் இன்னும் மோசம். ஜூஸ் வேற, ஃப்ரூட் டிரிங்க் வேற. டிரிங்க்னு போட்டுட்டா பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே போதும். எலுமிச்சைன்னா 5. மீதி பெரும்பாலும் தண்ணியும் சர்க்கரையும்தான். ஆனா டப்பா மேல வெட்டின மாம்பழம் சொட்டச் சொட்ட நிக்கும். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களைப் பார்க்கப் போறப்ப நாம அக்கறையா வாங்கிட்டுப் போறது அதைத்தான்! கெட்டியாக்கி வெச்ச சாற்றில தண்ணி கலந்து 'நூறு சதவீதம் ஜூஸ்'னு வித்துக்கிட்டிருந்தாங்க. அந்த வாசகத்தை எடுங்கன்னு ஆணையம் உத்தரவு போட 2024 ஜூன் ஆச்சு. அதே வருஷம் ஏப்ரல்லதான் 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே சட்டத்துல கிடையாதுன்னு வெளியில வந்தது. எத்தனை வருஷமா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு நம்பிக் கலக்கிக் கொடுத்தோம்?

பாக்கெட்ல போடற தேதியும் இப்படித்தான். 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தாண்டினா ருசியும் தரமும் குறையலாம், அவ்வளவுதான். 'எக்ஸ்பயரி' தாண்டினா தொடக்கூடாது. எத்தனை வீட்ல இந்த வித்தியாசம் தெரியும்?

எங்க அம்மா தினத்தாளை ராசிபலன் வரைக்கும் ஒரு எழுத்து விடாம படிக்கிறவங்க. சர்க்கரை வியாதி வேற. சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல என்னடா போட்டிருக்கு?"ன்னு என்கிட்ட நீட்டுவாங்க. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. படிக்கத் தெரிஞ்ச மனுஷி, தான் சாப்பிடப் போறது என்னன்னு தெரிஞ்சுக்க மகன் துணைக்கு வரணுமா? லேபிள் விதியைப் பாருங்க. விவரமெல்லாம் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ இருக்கணும். வேற மொழி வேணும்னா கூடச் சேர்த்துக்கலாம். வேணும்னா! எந்தக் கம்பெனி தானா முன்வந்து சேர்க்கும்?

இதே சரக்குக்கு டிவியில வர்ற விளம்பரத்துல பாட்டி, பேத்தி எல்லாரும் அழகாத் தமிழ் பேசுறாங்க. விக்கிறதுக்குத் தமிழ் வேணும், உள்ளே என்ன இருக்குன்னு சொல்ல மட்டும் வேண்டாமா? ஃப்ரோசன் டெசர்ட்னா 'இதில் தாவர எண்ணெய் சேர்ந்துள்ளது'ன்னு நாலே வார்த்தை. பேருக்குக் கீழே, பேர் இருக்கிற அதே அளவு எழுத்துல போடுங்க. வாங்கறதா வேண்டாமான்னு எங்க அம்மாவே முடிவு பண்ணிக்கட்டும்.