மறுக்கப்பட்ட சோறும் மறுத்த சோறும்

உடல் மெலிவது நல்லதென்று உலகம் இன்று ஒரே குரலில் பேசுகிறது. வன்னியில் அவ்வாறு பேசத் துணிபவன் சற்று நிதானித்தே பேசவேண்டும். இங்கே ஒருவரைப் பார்த்து, "நல்லா மெலிஞ்சு போனியள்" என்று சொன்னால் அது பாராட்டு ஆகாது. "என்ன வருத்தம்?" என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்து நிற்கும். கடந்த மூன்று ஆண்டுகளில் என் நிறை 11 கிலோ குறைந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவன் என்ற உரிமையோடுதான் இந்தப் பொருளைப் பற்றி எழுத முன்வருகிறேன்.

மெலிவு இருவகைப்படும் என்பது என் கருத்து. ஒன்று, பிறர் நம்மீது சுமத்துவது. மற்றொன்று, நாமே விரும்பி ஏற்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையும் எங்கள் மண்ணில் வேர்கொள்ளாது.

2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்கால் வரை சென்று மீண்டவர்களுள் நானும் ஒருவன். அரிசியும் தண்ணீரும், கிடைத்த நாளில் உப்பும் சேர்ந்த கஞ்சி அங்கே எங்களுக்கு உணவாயிற்று. பின்னர் செட்டிகுளம் முகாமில் நிறுத்துப் பார்த்தபோது தராசு 46 கிலோ காட்டியது. அன்று நான் வாய்விட்டுச் சபதம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் உடம்பு செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். இனி ஒருநாளும் பசிக்க விடுவதில்லை என்பதே அந்தச் சபதம். மீள்குடியேறிய பின்னர் எங்கள் வீடுகளில் சோற்றுப் பானையின் அளவு பெருத்ததற்கும், விருந்தினர் "போதும்" என்று சொன்ன பின்னரும் அகப்பை நிற்காததற்கும் இதுவே காரணம். அதனைப் பேராசை என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். அது அன்பு; அச்சம் கலந்த அன்பு.

உடம்பின் இந்த நினைவாற்றலை விஞ்ஞானமும் கண்டிருக்கிறது. 1944ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமாகவே முன்வந்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கினார். ஆறு மாத காலம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்களின் நிறையில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது. பகலும் இரவும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தணியவில்லை. உடலிற் சேர்ந்த கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்து சென்றது. தாமே விரும்பி ஏற்ற பட்டினிக்கே இந்த விளைவென்றால், குண்டு மழையின் நடுவே பசித்த உடம்பைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

போர் முடிந்த பின்னர் பாதை திறந்தது, பண்டங்கள் வந்தன. 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சிக்குப் புகையிரதமும் மீண்டும் வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் துவிச்சக்கரவண்டியிலேயே வாழ்ந்த மக்கள், தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கினோம். பாணும் பணிசும் ஏற்றிய முச்சக்கரவண்டி பாட்டிசைத்துக்கொண்டு படலைக்கே வந்தது. 2019இல் என் நிறை 84 கிலோ. கூடவே சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது.

"சாப்பாட்டைக் குறையுங்கள்" என்றார்கள். நானும் குறைத்தேன். இராச் சோற்றை அடியோடு விட்டேன். இரண்டு மாதங்களில் 7 கிலோ போயிற்று. ஆனால் பசியோடு படுத்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை, பதுங்குகுழிதான் வந்தது. இரவு ஒரு மணிக்கு எழுந்து, இருட்டிலே பானையைத் திறந்து, நின்றபடியே பழஞ்சோறு உண்ட நாட்கள் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் போன 7 கிலோவுக்கு 9 கிலோ திரும்பி வந்தது. மனவுறுதி இல்லாதவன் என்று என்னையே நான் இகழ்ந்துகொண்டேன். இன்று எண்ணிப் பார்க்கையில், குறை உறுதியில் அன்று. வழியில்தான் என்று தெளிகிறேன். பசியை ஆயுதமாகக் கண்ட ஒருவனுக்குப் பசியையே மருந்தாகக் கொடுப்பது பொருந்துமா?

2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போனது. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கரவண்டியை எடுத்துத் துடைத்தேன். பாடசாலைக்குப் போக 5 கிலோமீற்றர், வர 5 கிலோமீற்றர். முதல் வாரம் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாதம் பாட்டு வந்தது. இதுவும் சுமத்தப்பட்டதே என்பதை மறைக்கமாட்டேன். ஆதலால், 2023இல் எரிபொருட் பங்கீடு நீங்கிப் பெற்றோல் தடையின்றிக் கிடைத்தபோது, சக ஆசிரியர்களைப் போலவே நானும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவனை வழியிற் சந்தித்தேன். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவன். செயற்கைக் காலைப் பூட்டிக்கொண்டு நாள்தோறும் துவிச்சக்கரவண்டியில் வயலுக்குப் போய் வருபவன். பாதம் விறைக்கிறது என்று பேச்சுவாக்கில் அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், எனக்குக் கால் போனது ஆரோ தாட்டு வைச்ச வெடியாலை. அதை நான் மறிச்சிருக்க ஏலாது. உங்கடை காலுக்கு வாறதை நீங்கள் மறிக்கலாம்தானே?"

எத்தனையோ புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. கண்ணிவெடி தின்றது போக எஞ்சிய கால்களைச் சீனிக்குத் தின்னக் கொடுப்பதா? மறுநாள் காலையில் துவிச்சக்கரவண்டியை எடுத்தேன். அன்று பெற்றோல் இருந்தது, அதுவே வேறுபாடு.

உணவிலும் இம்முறை பட்டினி கிடக்கவில்லை. ஒன்றை விடுத்து வேறொன்றை வைத்தேன். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. ஆகப் பதினைந்து கரண்டி, 60 கிராமுக்குக் குறையாது. உணவிற் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறியின் சாரம். மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். ஆறு மாதத்தில் சீனி நின்றது, நாக்கு முறையிடவில்லை. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயறு, குளத்து மீன் என்று நிரப்பினேன். இரவில் குரக்கன் பிட்டு. தட்டு நிறைந்தே இருந்தது. நள்ளிரவில் பானையைத் தேடிப் போகவில்லை.

தராசு மிக மெதுவாகவே இறங்கியது. சில மாதங்கள் அசையவேயில்லை. அப்போது எனக்குத் துணை நின்றது சென்னை ஆராய்ச்சி ஒன்று. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். வியப்பு என்னவெனில், அவர்களின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே தராசு அசையாத நாளிலும் நன்மை நிகழ்ந்துகொண்டே இருக்கலாம். இதனை அறியாமல் எத்தனை பேர் இரண்டாம் மாதத்திலேயே மனம் உடைந்து கைவிடுகின்றனர்!

அப்படியாயின் எல்லாம் தனிமனிதனின் ஊக்கத்திலே அடங்கியதா? அவ்வாறு சொல்வது அநீதி. நான் ஆண், விடியற்காலையில் குளக்கட்டில் நடந்தால் எவரும் ஏனென்று கேட்பதில்லை. என் வயதுப் பெண்ணொருத்தி தனியே நடந்தால் ஊர் கதை கட்டுகிறது. யானை இறங்கும் கிராமங்களில் இருளில் நடவென்று எவருக்கும் புத்தி சொல்ல இயலாது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு மீனையும் பயற்றையும் விட மலிவாகக் கிடைப்பது பாணும் சீனித் தேநீரும். எனவே ஊக்கம் விதையே. நிலத்தைப் பண்படுத்துவது ஊரின் கடமை. வெளிச்சமுள்ள ஒரு நடைபாதை, பெண்கள் கூடி நடக்க ஒரு மாலை நேரம், கோயில் அன்னதானத்தில் இரண்டு கறி கூடுதலாகவும் ஓர் அகப்பைச் சோறு குறைவாகவும் இருத்தல்: இவை பெரும் பணம் வேண்டும் காரியங்கள் அல்ல.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் உடற்கல்விப் பாடவேளையைப் பறித்தவர்கள் நாமே. நானும் பறித்திருக்கிறேன். பருத்த பிள்ளைக்கு வகுப்பறையிற் பட்டப்பெயர் சூட்டப்படும்போது சிரித்தவர்களும் நாமே. அவமானத்தால் மெலிந்தவர் மெலிவிலே நிலைப்பதில்லை. அவமானமும் வெளியிலிருந்து சுமத்தப்படுவதுதானே? அளவறிந்து உண்ணுதலை வள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்திலே வைத்தார். அவர் அங்கே எவரையும் இகழவில்லை. உடம்பின் குரலைக் கேட்டு உண்ணும்படியே வழிகாட்டினார்.

இன்று என் நிறை 73 கிலோ. இன்னும் சற்றுக் குறைய இடமுண்டு, அவசரமில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே வீதியோரங்களிற் கஞ்சி காய்ச்சிச் சிரட்டைகளில் வார்த்துக் கொடுக்கிறார்கள். வரிசையில் நின்று நானும் வாங்குகிறேன். அன்று சீனிக் கணக்கும் இல்லை. சோற்றுக் கணக்கும் இல்லை. சிரட்டையைக் கடைசித் துளிவரை குடிக்கிறேன். பிறகு துவிச்சக்கரவண்டியை மிதித்து வீடு திரும்புகிறேன். மாலையில் மனைவி இன்னோர் அகப்பைச் சோறு நீட்டும்போது, "போதும்" என்கிறேன். அவளும் அகப்பையைத் திருப்பிப் பானையில் வைத்துவிடுகிறாள்.