ஆச்சிக்குப் புரியாத 466

போன செமஸ்டர் லீவுக்கு சிவகிரி போயிருந்தேன். ஆச்சி பத்து நாளா பிரஷர் மாத்திரை போடலைன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஏன்னு கேட்டா, "மாத்திரைல மரத்தூள கலக்குறானாம்லா. போன்ல வீடியோவே வந்திருக்கு. காசு குடுத்து மரத்தூளத் திங்கவா?"ன்னு என்கிட்டயே திருப்பிக் கேட்டாங்க.

நான் கெமிக்கல் மூணாவது வருஷம். "அது மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் ஆச்சி, எக்ஸிபியன்ட்"னு பெருமையா சொன்னேன். அந்த வீடியோக்காரன் பேசினது ஆச்சிக்குப் புரிஞ்சுது. நான் பேசினது புரியல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ பிரஷர் நல்லா ஏறியிருந்தது.

வீடியோ சொன்னது பாதி உண்மை. அந்தப் பொருளைப் பெரும்பாலும் மரக்கூழிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் அமிலத்தில் வெட்டி, கழுவி, சுத்தமாக்கிய பிறகு அது மரத்தூள் இல்லை, வெறும் செல்லுலோஸ். எங்க ஊர் கரும்புச் சக்கையிலும் இருக்கிற அதே நார். பருத்திப் பஞ்சில் 90 சதவீதத்துக்கு மேல் இதுதான். சோற்றில் இருக்கும் ஸ்டார்ச்சைப் போல இதுவும் குளுக்கோஸ் கோர்த்த சங்கிலிதான். கோர்த்த விதம் மட்டும் வேறு. அதைச் செரிக்கும் என்சைம் நம்ம உடம்பில் இல்லாததால், கீரை நார் மாதிரி வெளியே போய்விடும்.

இதன் சொந்தக்காரர்கள் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறார்கள். செல்லுலோஸைக் காரத்தில் ஊறவைத்து மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால், தண்ணீரில் கரையும் சிஎம்சி கிடைக்கும். ஐஸ்கிரீம் கவரில் ஐஎன்எஸ் 466 என்று இருப்பது இதுதான். ஐஸ் பெரிய படிகமாகி நறநறன்னு ஆகாமல் தடுக்கும். கண் வறட்சிக்கான சொட்டு மருந்திலும், டூத்பேஸ்ட்டிலும் இருக்கும். இன்னொரு சொந்தக்காரர் ஹெச்பிஎம்சி. சுவரில் பூசும் பட்டியிலும் டைல்ஸ் ஒட்டும் பசையிலும் தண்ணீரைப் பிடித்து வைப்பார். சுவர் அதை முன்னாடியே உறிஞ்சிவிடாது.

இரண்டாவது தடவை ஆச்சியிடம் வேற மாதிரி சொன்னேன். "மருந்து 5 மில்லிகிராம்தான் ஆச்சி. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதைக் கையில எடுக்க முடியுமா? பஞ்சுல இருக்கிற நாரைப் பொடியாக்கி, அதோட சேர்த்து அமுக்கி வில்லை பண்றாங்க. வயித்துல தண்ணி பட்டதும் பிரிஞ்சுரும்."

"பாவுக்குக் கஞ்சி போடுற மாதிரியா? நெசவு முடிஞ்சா அலசிருவாங்கள்லா?"

சங்கரன்கோவில் தறிகளைப் பார்த்து வளர்ந்தவங்க. எனக்குத் தோணாத உதாரணம் அவங்களுக்குத் தோணிச்சு. அன்னைக்கு ராத்திரியே மாத்திரை போட்டாங்க.

அதுக்காக எண் போட்ட எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அமெரிக்காவில் 16 ஆரோக்கியமான பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு 11 நாள், தினம் 15 கிராம் சிஎம்சி கொடுத்தார்கள். அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களின் வகைகள் குறைந்தன, சாப்பிட்டபின் வயிற்றில் அசௌகரியமும் கூடியது. ஒரு கப் ஐஸ்கிரீமில் இருப்பதைவிட அந்த அளவு ரொம்பவே அதிகம். ஆனால் பாக்கெட் சாப்பாட்டிலேயே வாழுற ஹாஸ்டல்வாசிகள் நாம யோசிக்க வேண்டிய விஷயம். 'கெமிக்கல்னாலே விஷம்' என்பதும் தப்பு, 'அனுமதி இருக்கு, பேசாம சாப்பிடு' என்பதும் தப்பு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை ஆச்சி எப்படிக் கேட்பாங்க? உணவு லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது நம்ம நாட்டு விதி. தமிழ் கட்டாயமில்லை. மாத்திரை அட்டையிலோ பெரும்பாலும் 'எக்ஸிபியன்ட்ஸ்' என்ற ஒற்றைச் சொல்தான். சிவகிரிக் கடையில் விற்கும் பொருளில் என்ன இருக்குன்னு சிவகிரிக்காரங்க படிக்க வழியில்லை. அந்த இடைவெளியில்தான் வீடியோக்காரன் வந்து உட்கார்ந்துக்கிறான். லேபிளில் தமிழ் வேணும்னு நாம கேட்கணும்.

அது வர்ற வரைக்கும் நம்ம வேலை ஒண்ணு இருக்கு. இந்த வார இறுதியில் வீட்டில் ஒரு பாக்கெட்டை எடுங்க. அதில் இருக்கிற ஒரு எண்ணைப் பற்றி உங்க ஆச்சிக்கோ அம்மாவுக்கோ புரியிற மாதிரி பத்து வரி எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. திருத்தம் அவங்ககிட்ட இருந்துதான் வரும்.