நெற்பயிரும் நீர்ச் செட்டும்

2023-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை வழக்கம்போல் திறக்கப்பட்டது. அதை நம்பிக் குடியானவர்கள் குறுவை நட்டார்கள். பின்னர் நீர் சுருங்கிற்று. அக்டோபர் 10-ந் தேதி அணை மூடப்பட்டது. கடைமடை வயல்களில் பயிர் கருகியதைக் கண்டு கண்ணீர் விடாதார் யார்? மறு வருஷமோ ஜூலை 28-ந் தேதி வரையில் மதகு திறக்கப்படவே இல்லை. காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் ஒரு துளியையும் விட்டுக்கொடுக்கும்படி நாம் சொல்லவில்லை. ஆயினும், வந்து சேரும் நீரை எவ்விதம் செலவிடுகிறோம் என்பதையும் நாம் யோசித்தே ஆகவேண்டும்.

வயலில் எந்நேரமும் நீர் தேங்கி நிற்கவேண்டும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1960-ல் ஸ்தாபிதமான சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பரிசோதித்து எளிய உபாயம் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். துளைகளிட்ட ஒரு முழக் குழாயை வயலில் பாதிக்குமேல் புதைத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாய்க்குள் நீர் தரைமட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரையில் பாய்ச்ச வேண்டுவதில்லை. அந்த ஆழம் வரையில் வேருக்கு நீர் கிடைக்கும். அப்பால் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் வயல் காயலாகாது. இம்முறையால் மகசூல் குறையாமலே நூற்றுக்கு முப்பது பங்கு வரையில் நீர் மிச்சமாகும்.

உரத்திற்கும் இத்தகைய அளவுகோல் உண்டு. இலை வண்ண அட்டை என்பது பச்சை நிறத்தின் பல சாயைகளைக் கொண்ட சிறு பலகை. வாரம் ஒரு முறை, நன்கு விரிந்த மேல் இலையை அதனோடு ஒப்பிட்டு, நிறம் வெளுத்திருந்தால் மட்டும் தழைச்சத்து இடவேண்டும். அளவுக்கு மீறிய யூரியா பயிரைச் சாய்க்கிறது. புகையானையும் குலைநோயையும் வரவழைக்கிறது. பணம் கொடுத்துப் பூச்சியை வாங்குவானேன்?

இவ்வுபாயங்கள் எங்கும் ஒரேவிதமாகப் பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. நீர் வற்றினால் களை மிகும். ஆகையால் உருளும் களைக்கருவியும் கூடவே வேண்டும். உவர் நிலத்தில் வயலை வற்றவிட்டால் உப்பு மேலெழும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் சம்பாவில் இதற்கு இடம் குறைவு. குறுவையிலேதான் இதன் பெரும்பயன். எந்த மண்ணுக்கு எது ஏற்றது என்று ஊருக்கு ஊர் சொல்லவேண்டியது விவசாய இலாகாவின் பொறுப்பு.

இவ்வளவு மலிவான முறைகள் ஏன் பரவவில்லை? குடியானவனின் அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமாகாது. அடுத்த முறை நீர் என்று வருமென்பது நிச்சயமில்லாதவன், கிடைத்தபோதே வயலில் தேக்கிவைக்கிறான். அது அறியாமையன்று, முன்ஜாக்கிரதை. குழாயைப் பார்த்துக் காத்திருக்கச் சொன்னால், காத்திருந்தபின் நீர் வருமென்ற உறுதியும் அளிக்கவேண்டும். உர விஷயமும் அப்படியே. 2010-ல் இதர உரங்களின் மானியமுறையை மத்திய சர்க்கார் மாற்றினார்கள். யூரியாவின் விலையை மட்டும் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். மலிந்ததை அள்ளி இடுகிறான் என்று ஏழையைக் குறைகூறிப் பயனென்ன?

கோயம்புத்தூரில் 1912 முதலும், ஆடுதுறையில் 1922 முதலும் நெல் ஆராய்ச்சி நடந்துவருகிறது. நம்மிடம் குறைவது அறிவன்று. அது வரப்பு வரையில் வந்து சேரும் வழியே. ஆகவே, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை நாட்களை முன்னதாக அறிவித்து, கடைமடை வரையில் தவறாது நிறைவேற்ற வேண்டும். செய்து காட்டும் வயல்கள் சர்க்கார் பண்ணைகளோடு நில்லாமல், கடைமடையில் ஓர் ஏக்கர் பயிரிடும் ஏழையின் நிலத்திலும் அமையவேண்டும். அவன் வயலில் கதிர் முற்றி நிற்பதைக் கண்டால் அண்டை வயல்காரருக்கு உபதேசம் வேண்டியதில்லை. சர்க்கார் வாக்குறுதியைக் காக்கட்டும். குடியானவன் நீரைக் காப்பான்.