முந்தியவர் பிந்துவதேன்?

2014-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைபேசித் தொழிற்சாலை மூடப்பட்டது. 2006-ல் துவங்கிய அத்தொழிற்சாலையில் உச்ச நிலையில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். எட்டே வருஷங்களில் எழுந்து அடங்கிய இந்தச் சரித்திரத்தை நம்மவர் மறந்து வருகின்றனர். அது தவறு. உலகில் முதல் ஸ்தானம் வகித்த ஒரு கம்பெனி ஏன் சரிந்தது, அச்சரிவின் பாரம் யார் தலையில் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதிலே விடை இருக்கிறது.

வருமான வரி வழக்கே எல்லாவற்றிற்கும் காரணம் என்று கூறுவோர் உண்டு. வழக்கினால் தொழிற்சாலையின் சொத்துக்கள் முடக்கப்பட்டதும், நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் ஏற்றுக்கொண்ட மைக்ரோஸாப்ட் கம்பெனியின் கைக்கு அது போகாததும் உண்மையே. ஆனால் வழக்கு எழுந்தது 2013-ல். பின்லாந்து தேசத்தில், நோக்கியாவின் சொந்த மண்ணில், ஸாலோ நகரத்துத் தொழிற்சாலை 2012-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே எந்த வரி வழக்கு இருந்தது? நோய் வேரில் இருந்தது; வழக்கு கிளையை முறித்தது. அவ்வளவே.

நோக்கியா பிறர் ஸ்தானத்தைப் பிடித்த விதத்தையும் நினைவு கூர்வது நலம். கையில் ஏந்திப் பேசும் டெலிபோனை 1973-ல் முதன் முதல் செய்து காட்டியது அமெரிக்காவின் மோட்டரோலா. ஆயினும் பழைய முறையில் நல்ல லாபம் வந்துகொண்டிருந்தபடியால், எண்முறைக்கு மாறுவதில் அது தாமதித்தது. 1991-ல் பின்லாந்தில் துவங்கிய ஜி.எஸ்.எம். என்னும் புதிய முறையை நோக்கியா முழு மனத்துடன் பற்றிக்கொண்டது. 1998-ல் மோட்டரோலாவை முந்தியது. முன்னோடியை வீழ்த்தியவர், அவர் வீழ்ந்த காரணத்தை மறவாமலிருந்திருந்தால் நாம் இன்று இதை எழுத நேராது.

2007-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனை வெளியிட்டது. அடுத்த வருஷம் கூகிளின் ஆண்ட்ராய்டு முறையில் இயங்கும் முதல் கைபேசி வந்தது. இவ்விஷயத்தில் நோக்கியா அறியாமையில் இருந்ததென்று எவரும் சொல்ல முடியாது. சிறு கணிப்பொறியைப் போல் பயன்படும் கைபேசியை 1996-லேயே விற்ற கம்பெனி அது. அறிவு இருந்தது, ஆட்கள் இருந்தனர், பணமும் இருந்தது. பின் எது இல்லை?

முதலாவது, லாபமே விலங்காயிற்று. உலகில் விற்ற கைபேசிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நோக்கியாவினுடையதாய் இருந்தபோது, விற்பதை விட்டு விற்காததை நாடத் துணிவு யாருக்கு வரும்? இரண்டாவது, களம் மாறியதை உணரவில்லை. உறுதியான கருவியைக் குறைந்த செலவில் செய்வதில் நோக்கியாவுக்கு நிகரில்லை. ஆனால் ஜனங்கள் வாங்கத் துவங்கியது கருவியை மட்டும் அன்று. அதனுள் இயங்கும் மென்பொருளையும், வெளியார் ஆயிரக்கணக்கில் எழுதிச் சேர்த்த செயலிகளையும். நோக்கியாவின் சிம்பியன் முறை அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது, பயம். மேலதிகாரிகள் போட்டியாளரைக் கண்டு அஞ்சினர். கீழுள்ளவர் மேலதிகாரிகளைக் கண்டு அஞ்சினர். வேலை முடியாது என்ற உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அக்கம்பெனியில் இருந்தவர்களைக் கண்டு விசாரித்து 2016-ல் ஆராய்ச்சி வெளியிட்ட நிபுணர்கள் இருவர் கண்ட முடிவு இதுவே. 2012-ல் ஸாம்ஸங் நோக்கியாவை முந்திவிட்டது.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தவறுகளுள் ஒன்றேனும் ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்பட்டதா? இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் கொடுத்த வேலையைக் குறைவின்றிச் செய்தனர். முடிவுகள் கடல் கடந்த நாட்டில் செய்யப்பட்டன. தண்டனை இங்கே அனுபவிக்கப்பட்டது. விருப்ப ஓய்வு என்று பெயரிட்டு ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஆயிரக்கணக்கானோரை அனுப்பினர். அதில் விருப்பம் எங்கே இருந்தது?

அந்நியக் கம்பெனிகள் வரக்கூடாது என்பது நமது கட்சியன்று. வரட்டும். அவ்விடத்தையே சார்ஜர் செய்யும் ஸால்காம்ப் கம்பெனி ஏற்றுக்கொள்ள 2019-ல் ஏற்பாடாயிற்று, அதை வரவேற்கிறோம். ஆனால் நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும் சர்க்கார், கம்பெனி போகும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டாமா? தொழிலாளருக்கு வேறு தொழில் கற்பிக்கும் செலவை முன்னதாகவே ஒதுக்கி வைக்கச் செய்ய வேண்டாமா? பூட்டும் வேலையோடு நில்லாமல், வகுக்கும் வேலையிலும் ஒரு பங்கு இங்கே நடைபெற வேண்டுமென்று கேட்க வேண்டாமா?

நமது முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்று முதலில் நிற்பவர், நாளை யாரால் முந்தப்படுவோம் என்பதை இன்றே கேட்கட்டும். அக்கேள்விக்குச் சிப்பந்தி ஒருவன் கசப்பான பதில் சொன்னால், அவனைத் தண்டிக்காதிருக்கட்டும்.