நவம்பர் முதல் நாள் நமக்கும் உரியதே!



நவம்பர் முதல் நாள் வந்துவிட்டால் வித்துரா சந்திப்பே கசவு உடுத்திக்கொள்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். நம் லயத்துப் பிள்ளைகளும் இரவல் வாங்கிய கசவு முண்டோடு அந்த வரிசையில் நிற்கிறார்கள். சென்ற ஆண்டு என் மகள் ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "அப்பா, இன்றைக்குக் கேரளத்துக்குப் பிறந்தநாள் என்று டீச்சர் சொன்னார்களே, அது நமக்கும் பிறந்தநாளா?" என்று கேட்டாள். பிறர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை.

இதே கேள்விதான் நம் சங்கத்தின் செயற்குழுவிலும் எழுந்தது. "அது அவர்கள் விழா, நாம் ஒதுங்கியிருப்போம்" என்றார்கள் சிலர். "இழந்த தாலுகாக்களை நினைத்து நாம் தனிக்கூட்டம் போட வேண்டும்" என்றார்கள் வேறு சிலர். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை விளக்குவது என் கடமை.

வரலாறு சொல்வது என்ன?

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதற்கு முன், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் தமிழர் மிகுந்து வாழ்ந்த ஒன்பது தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உழைக்கும் மக்கள் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அதே கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சொந்த மந்திரிசபையே பதவி விலக வேண்டும் என்றார். மக்களைச் சுட்ட அரசு தன் கட்சியின் அரசாயினும் பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்ன அந்த நேர்மையையும் நாம் மறக்கலாகாது.

முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலிக்குப் போயிற்று. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. ஆகவேதான் அதே நாளில் இங்கே விளக்கேற்றுகிறார்கள். எல்லைக்கு அப்பால் குமரியில் நேசமணிக்கு மாலை சூட்டுகிறார்கள். 1967 ஜூலை 18 அன்று சென்னைச் சட்டமன்றம் தமிழ்நாடு என்ற பெயருக்குத் தீர்மானம் இயற்றியது. அந்த நாளே தமிழ்நாடு நாள் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இருபுறமும் நாள்கள் உண்டு. இடையில் நிற்கும் நமக்கு?

தோழர்களே, எல்லைக் கோடு போட்டவர்கள் கொழுந்து பறிப்பவளைக் கேட்டுப் போடவில்லை. நம் பாட்டன்மார் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையேறியவர்கள். 1904இல் கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதை வந்ததும் அந்த வழி இன்னும் எளிதாயிற்று. அவர்கள் தேடி வந்தது தாலுகாவை அல்ல, கஞ்சியை. இன்று நாம் தாலுகாவைக் கேட்டுக் கொடி பிடித்தால் பக்கத்து வீட்டு மலையாளித் தொழிலாளியைப் பகையாக்குவோம். மகிழ்வது தோட்ட முதலாளியே. ஒதுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாலோ, நாம் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகும்.

நமக்கும் பிறந்த ஓர் உரிமை

மாநிலங்கள் அமைந்த அதே நாளில் இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் அது. அதன்மூலம் 350ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய முயல வேண்டும் என்பது அதன் சாரம். 350பி பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்கிறது. கோடு போட்டபோதே, கோட்டின் இப்புறம் நிற்பவர்களுக்கு நாடு கொடுத்த வாக்கு இது. ஆகவே என் மகளுக்கு இப்போது பதில் சொல்கிறேன்: ஆம் அம்மா, அது நமக்கும் பிறந்தநாள்தான். ஆனால் நமக்குப் பிறந்த உரிமையை இன்னும் நாம் வளர்க்கவில்லை.

கல்லும் பெயரும்

நினைவு நாள் என்றால் என்ன? மாலையும் மைக்செட்டுமா? நான் ரயில்வேக்காரன், ரயில் பாதைக் கதை ஒன்றே சொல்கிறேன். 1942, 1943 ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர்ப் பாதையை ஜப்பானியர் அடித்து வேலை வாங்கிப் போட்டனர். அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் கல்லில் உண்டு. ஒவ்வோர் ஏப்ரல் 25 அன்றும் ஆஸ்திரேலியர் விடியலுக்கு முன்னே கூடி அவர்களை வணங்குகிறார்கள். அதே பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களுக்கு அப்படி வரிசைக் கல்லறை இல்லை. காரணம், பட்டாளத்தானுக்குப் பதிவேடு இருந்தது; கூலிக்குத் தலைக்கணக்கு மட்டுமே இருந்தது. பெயர் எழுதப்படாதவனுக்கு நினைவு நாள் வராது.

பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய நம் மக்கள் 70 பேர் மாண்டார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் விடிந்த பிறகே வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர்களுக்குப் பத்து லட்சம், லயத்தில் இறந்தவர்களுக்கு ஐந்து லட்சம் என்று அரசு அறிவித்தபோது, உயிருக்கும் வகுப்பு உண்டோ என்று மலையெங்கும் கேட்டார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்களே திரண்டு 20 சதவிகித போனஸை வாங்கிய 'பெம்பிளை ஒருமை'யும் அந்த மலையில் எழுந்ததுதான். அழுவதற்கும் எழுவதற்கும் நமக்கு நாள்கள் இருக்கின்றன. நம் நாள்காட்டியில்தான் அவை இல்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் இந்த மலையில் முப்பது ஆண்டுகள் கவாத்துக் கத்தி பிடித்தவர். பெயரின் கடைசியில் 'முத்து' என்று இருந்ததைத் தோட்டத்துச் செக்ரோலில் யாரோ 'மணி' என்று எழுதிவிட்டார்கள். முத்தும் மணியும் தமிழுக்கு ஒன்றாகலாம். வருங்கால வைப்பு நிதிக்கு ஒன்றாகாது. அவர் இறந்தபின் அந்தப் பணத்துக்காக என் அம்மா ஐந்தாண்டு படியேறினார். திருத்தப் படிவத்தில் முதலாளியும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். தோட்டமோ அதற்குள் ஓய்ந்துவிட்டது. பணம் வந்த மாதம் அம்மாவுக்குக் கண்பார்வை இல்லை. ரூபாயைத் தடவிப் பார்த்து, "இதிலாவது அவர் பேரைச் சரியாய் எழுதினார்களா?" என்று கேட்டார்.

என்ன செய்யலாம்?

போணக்காட்டில் ஓய்ந்துகிடக்கும் தொழிற்சாலையையும் இடிந்த லயங்களையும் அறியாதவர் நம்மில் இல்லை. சம்பளப் பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்து கண்மூடியவர்களையும் அறிவோம். ஆகவே வரும் நவம்பர் முதல் நாளுக்கு மூன்று வேலைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பதிவேடு. இந்த மலையில் உழைத்து மறைந்த ஒவ்வொருவரின் பெயரையும், வந்த ஊரையும், செய்த வேலையையும் லயம் லயமாகப் போய் எழுதுவோம். கிழவிகளைக் கேட்டால் மூன்று தலைமுறை வரும். தாமதித்தால் வராது.

இரண்டாவது, படிவ மேசை. படித்த நம் பிள்ளைகள் அன்று காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வைப்பு நிதி, ஓய்வூதியம், ரேஷன் அட்டை ஆகியவற்றில் உள்ள பெயர்ப் பிழைகளைக் கண்டு, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். மலையாளித் தொழிலாளி வந்தாலும் அதே மேசை, அதே உபசாரம்.

மூன்றாவது, தமிழ் வகுப்பு. 350ஏ பிரிவைச் சொல்லி அரசுக்கு மனுக் கொடுப்போம்; பதில் வரும்வரை ஞாயிறுதோறும் நாமே நடத்துவோம். நம் தலைக்கு மேலே அகத்தியர்கூடம் நிற்கிறது. தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் என்று நாம் சொல்லும் முனிவரின் பெயர்கொண்ட மலை. அதன் அடிவாரத்துக் குழந்தைக்கு 'அ' எழுதத் தெரியாதென்றால் மலைக்கு இழுக்கில்லை, நமக்குத்தான்.

"ஊர்வலம் இல்லாமல் படிவம் எழுதுவதா விழா?" என்று கேட்பீர்கள். ஊர்வலமும் போவோம். கேரளப் பிறவி விழாவிலும் கலந்துகொள்வோம். நம் உழைப்பும் சேர்ந்தே இந்த மாநிலம் எழுந்தது. தமிழ்நாட்டை ஒட்டிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கல் விடுமுறை அளிக்கிற அரசு இது. நம்மை அறியாத அரசு அல்ல. ஆனால் கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது. கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும்.

நவம்பர் முதல் நாள் காலை எட்டு மணிக்கு, உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளோடு வாருங்கள். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.